பழைய நிலைக்குக் கொண்டுவருக

அந்த மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுக்க நாலு நிமிடம் ஆகும். எடுத்த படம் மூன்றாவது மாடியில் இருக்கும் டாக்டரின் திரையில் தெரியப் பதினெட்டு நிமிடம் ஆகும். ஸ்கேன் அறை தரைத்தளத்தில் இருந்தது. அதனால் அவசரம் என்றால் அறுவை டாக்டர் மூன்று மாடியும் இறங்கி ஓடிவந்து, ஸ்கேன் இயந்திரத்தோடு ஒட்டியிருக்கும் சின்னத் திரையில் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப மூன்று மாடியும் ஏறி ஓடுவார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ இளைத்திருந்தார். ஊழியர் நலத் திட்டத்தின் வெற்றி என்று அதை ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பதினெட்டு நிமிடம் எங்கே போகிறது என்பது அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் பிரிவில் பன்னிரண்டு வருடமாக, தகவல்களை வைக்கும் டிஸ்குகள் அடுக்கிய சேமிப்பு அலமாரியைப் பார்த்துக்கொள்பவர். வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை எல்லோரும் அவரை டிஸ்க் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்கேன் அறையில் படம் எடுப்பவர் அவருடைய மனைவி. ஆகவே பதினெட்டு நிமிடத்தைப் பற்றிய புகார் அவருக்கு ஆபீசில் ஒரு தடவையும், வீட்டில் சாப்பிடும்போது ஒரு தடவையும் தவறாமல் கிடைத்துவந்தது.

விஷயம் இதுதான். மருத்துவமனையில் கணக்குக்கு நாற்பது கம்ப்யூட்டர்கள் வேலை செய்தாலும், கண்ணால் பார்த்தால் இரண்டு பெட்டிதான் இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் இருபது கம்ப்யூட்டர்களாக நடித்துக்கொண்டிருக்கும். மெய்நிகர் கணினி என்று இதற்குப் பெயர். நாற்பதுக்கும் சேர்த்து ஒரே சேமிப்பு அலமாரி. நாற்பது குடித்தனத்துக்கு ஒரே குழாய் இருப்பதுபோல. அதைக்கூட அந்த அலமாரி சமாளித்துக்கொண்டுதான் இருந்தது. சமாளிக்க முடியாமல் போனது ஸ்நாப்ஷாட்டால்.

மென்பொருளைப் புதுப்பிக்க வருகிறவர்கள், ஏதாவது கெட்டுப்போனால் திரும்பிவர வசதியாக, கம்ப்யூட்டரின் அப்போதைய நிலையை ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துக்கொள்வார்கள். அதாவது நோட்டுப் புத்தகத்தில் இனி எழுதுவதில்லை என்று மூடிவைத்துவிட்டு, புதிதாக வருவதையெல்லாம் தனித்தாளில் எழுதி மேலே ஒட்டுவது. வேலை முடிந்ததும் தாளில் உள்ளதை நோட்டில் சேர்த்துவிட்டு ஸ்நாப்ஷாட்டை நீக்கிவிட வேண்டும். ஸ்கேன் கம்ப்யூட்டருக்கு வந்தவர்கள் பதினோரு தடவை வந்தார்கள், பதினோரு தடவையும் எடுத்தார்கள், ஒரு தடவைகூட நீக்கவில்லை. ஒரு படத்தைத் திறக்க அந்த அப்பாவி இயந்திரம் பதினோரு தாளையும் புரட்டிவிட்டுக் கடைசியில் நோட்டுக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை. டிஸ்க் அண்ணன் மேலாளரிடம் போய் அனுமதி கேட்டார். அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது.

மேலாளர் அதற்குமுன் நாற்காலி, மேசை கொள்முதல் பிரிவில் இருந்தவர். நாற்காலிகள் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. கம்ப்யூட்டர் பிரிவும் அப்படியே இருக்கும் என்று நம்பி வந்திருந்தார்.

"நீக்கலாம். தாராளமா நீக்கலாம். ஆனா நீக்கறதுக்கு நீங்க யாரு?"

"நான்தான் சார் பன்னெண்டு வருஷமா பாத்துக்கறேன்."

"அது அனுபவம். நான் கேக்கறது தகுதி. நாளைக்கு ஒருத்தர் வந்து, இவர் எந்த அடிப்படையில தொட்டார்னு கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்? உங்களையா காட்ட முடியும்?"

டிஸ்க் அண்ணன் தன்னைத்தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். காட்டும்படியாக ஒன்றும் இல்லைதான்.

மேலாளர் இழுப்பறையிலிருந்து வழவழப்பான ஒரு விளம்பரத் தாளை எடுத்தார். உயர்நிலைச் சேமிப்பகச் செயல்திறன் வல்லுநர் பயிற்சி, நான்காம் நிலை, ஐந்து நாள். முதல் மூன்று நிலைகள் எங்கே என்று டிஸ்க் அண்ணன் கேட்டதற்கு, நான்காம் நிலைக்குத்தான் சுவரில் மாட்டும் அளவில் சான்றிதழ் தருகிறார்கள் என்று பதில் வந்தது. இருவரும் போவதென்று முடிவாயிற்று. மேலாளரும் படித்தால்தான் டிஸ்க் அண்ணன் படித்தது சரியா என்று மேலாளர் சொல்ல முடியும்.

"எப்ப நீக்குவீங்களாம்?" என்று மனைவி கேட்டார்.

"பாஸ் பண்ணினதும்."

"அதுவரைக்கும் டாக்டர் ஓடணுமா?"

"அஞ்சே நாள்தாம்மா."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டார். அந்தச் சத்தத்தில் எல்லாம் இருந்தது.

பயிற்சி நிலையம் கண்ணாடிக் கதவு போட்ட நாலு மாடிக் கட்டடம். வாசலில் அடையாள அட்டை தொங்கும் கழுத்துப்பட்டை கொடுத்தார்கள். மேலாளர் என்று பதவி உள்ளவர்களுக்கு நீலம், வேலை செய்கிறவர்களுக்குச் சாம்பல். நீலப் பட்டைக்காரர்களுக்கு முதல் வரிசை. பதினெட்டுப் பேர் உட்கார்ந்ததும் நிலையத்தின் இயக்குநர் மேடை ஏறினார்.

"ஒண்ணு முதல்லயே தெளிவா சொல்லிடறேன். இங்க நாங்க ஸ்டோரேஜ் சொல்லித் தர்றதில்ல. ஸ்டோரேஜ் தெரியும்னு நிரூபிக்கச் சொல்லித் தர்றோம். ரெண்டும் வேற வேற. எங்ககிட்ட வர்றவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பேர் பாஸ் பண்றாங்க. மீதி ரெண்டு பேர் யாருன்னு ஆராய்ச்சி பண்ணினோம். இந்த வேலையை ஏற்கெனவே செஞ்சுக்கிட்டு இருந்தவங்க. பழக்கம் அவங்களைக் கெடுத்திருக்கு. அதனால தெரிஞ்சதையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு வாங்க."

முதல் வரிசை பலமாகக் கைதட்டியது. அவர்களுக்கு விட்டுவிட்டு வர ஒன்றும் இல்லாததால் கை காலியாக இருந்தது.

அடுத்தது நிலையத்தின் பெருமைக்குரிய சடங்கு. ஒவ்வொரு வகுப்பும் தொடங்கும்போது, எல்லோரும் பயிலப்போகும் ஆய்வகக் கம்ப்யூட்டரை நினைவுக்காக ஒரு ஸ்நாப்ஷாட் எடுப்பது அங்கே வழக்கம். குழுப் புகைப்படம் எடுப்பதுபோல. மூத்த நீலப் பட்டைக்காரர் என்ற முறையில் நம் மேலாளரை மேடைக்கு அழைத்து, மௌசின்மேல் அவர் கையை வைத்து, மூன்று எண்ணி அழுத்தச் சொன்னார்கள். கைதட்டல். இது இருபத்தொன்பதாவது நினைவுப் படம் என்று இயக்குநர் அறிவித்தார்.

"பழையதெல்லாம் நீக்கிட்டீங்களா சார்?" என்று டிஸ்க் அண்ணன் பின்வரிசையிலிருந்து கேட்டார்.

இயக்குநர் அவரை, கல்யாண ஆல்பத்தைக் கிழிக்கச் சொன்ன ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒண்ணுகூட நீக்கல. நீக்கவும் மாட்டோம். இது எங்க வரலாறு."

அதன் பலன் பத்து நிமிடத்தில் தெரிந்தது. ஆய்வகக் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இருபத்தாறு நிமிடம் சுற்றியது. இதில் யாரும் பதறவில்லை. கால அட்டவணையிலேயே ‘9.00 முதல் 9.30 வரை: உள்நுழைதல்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

பயிற்றுநர் கோட்டின் இரண்டு பக்கமும் வில்லைகள் குத்தியிருந்தார். மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ். வட்டம் சுற்றும் நேரத்தில் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். "பதினாலு வருஷமா ஸ்டோரேஜ் சொல்லித் தர்றேன். இதுவரைக்கும் ஒரு டிஸ்கைக் கையால தொட்டதில்ல. தொட்டிருந்தா அந்த ஒரு டிஸ்கைப் பத்தித்தான் தெரிஞ்சிருக்கும். தொடாததால எல்லா டிஸ்கும் தெரியும்."

"சார், இது இவ்வளவு மெதுவா இருக்கறதுக்குக் காரணம் அந்த இருபத்தொன்பது ஸ்நாப்ஷாட்டுதான்" என்றார் டிஸ்க் அண்ணன். குறை சொல்ல வேண்டும் என்றில்லை. உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"ஸ்நாப்ஷாட் எத்தனாவது அத்தியாயம்?"

"தெரியல சார்."

"ஒன்பது. நாம எத்தனாவதுல இருக்கோம்?"

"இன்னும் உள்ளயே போகல சார்."

"அப்ப ஒன்பதாவது அத்தியாயத்துக் காரணத்தை முதல் அத்தியாயத்துல எப்படிச் சொல்லலாம்? மத்தவங்களுக்கு அது இன்னும் காரணமே இல்ல."

முதல் வரிசை திரும்பிப் பார்த்தது. மேலாளர், தனக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஒரு மாதிரிக் கேள்வி. மெய்நிகர் கணினி மெதுவாக இருப்பதாகப் பயனாளர் புகார் செய்கிறார். உங்கள் முதல் நடவடிக்கை என்ன? சேமிப்பு அலமாரியை எந்தக் கம்ப்யூட்டர் அதிகம் போட்டு அடிக்கிறது என்று பார்ப்பேன் என்றார் டிஸ்க் அண்ணன். தவறு. சரியான விடையைப் பயிற்றுநர் பலகையில் எழுதினார்: பயனாளரின் எதிர்பார்ப்பை மறுசீரமைத்தல்.

"அப்படீன்னா என்ன சார்?"

"வேகமா இருக்கும்னு எதிர்பார்க்கறதாலதான் மெதுவா தெரியுது. எதிர்பார்ப்பைக் குறைச்சுட்டா அதே இருபத்தாறு நிமிஷம் வேகமா தெரியும். எந்த டிஸ்கையும் தொடாம செயல்திறன் உயர்ந்துடும். இதுதான் நாலாம் நிலை. டிஸ்கைத் தொட்டுச் சரிபண்றது முதல் நிலை."

மேலாளர் இதைத் தன் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி போன் செய்தார். "டாக்டர் இன்னிக்கு ஆறு தடவ இறங்கிட்டார். கடைசித் தடவ கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டார். நீங்க என்ன படிச்சீங்க?"

அன்று படித்ததை மனைவியிடம் சொல்ல டிஸ்க் அண்ணனுக்குத் தைரியம் வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் தேர்வு. நாலு மணி நேரம். ஒரே கேள்வி: ‘உங்கள் முன் உள்ள கணினி மெதுவாக இயங்குகிறது. காரணத்தைக் கண்டறிந்து உரிய நடவடிக்கை எடுக்கவும்.’ டிஸ்க் அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். ஐந்து நாளில் அந்தக் கட்டடத்தில் அவர் பார்த்த முதல் உருப்படியான வாக்கியம். தேர்வுக்காக எல்லோருக்கும் முழு அதிகாரமும் கொடுத்திருந்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்தொன்பது ஸ்நாப்ஷாட்டுகளையும் ஒழுங்காகச் சேர்த்து நீக்க ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. அதன்பிறகு பதினெட்டுத் திரையிலும் சுற்றிக்கொண்டிருந்த வட்டங்கள் நின்றன. தட்டினால் திறந்தது. இதுவரை அப்படி ஒன்றைப் பார்த்திராத பயிற்றுநர், ஏதோ பழுதாகிவிட்டது என்று பயந்து இயக்குநரைக் கூப்பிட ஓடினார்.

மேலாளர் இதையெல்லாம் பார்க்கவில்லை. முதல் வட்டம் சுற்றும்போதே ஒரு போன் வந்ததென்று வெளியே போனவர், தேர்வு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் வந்தார்.

மாலையில் முடிவு வந்தது. மதிப்பெண் போடும் முறை எளிது. எல்லோருக்கும் முதலில் நூறு. அங்கீகரிக்கப்படாத ஒவ்வொரு அடிக்கும் பத்து கழிவு. மேலாளர் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை என்பதால் நூற்றுக்கு நூறு, வகுப்பிலேயே முதல். டிஸ்க் அண்ணனுக்கு இருபத்தொன்பது அடி. கழித்துப் பார்த்ததில் அவர் நிலையத்துக்கு நூற்றுத்தொண்ணூறு மதிப்பெண் பாக்கி.

இயக்குநர் அவரைத் தனியாக அறைக்கு அழைத்தார். முகம் வாடியிருந்தது. உண்மையாகவே வருத்தப்பட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"காரணத்தைக் கண்டுபிடிச்சு நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருந்துச்சு சார். இப்ப வேகமா இருக்கே."

"அதுதான்யா குற்றச்சாட்டே! அடுத்த வகுப்பு திங்கக்கிழமை ஆரம்பம். மெதுவுன்னா என்னன்னு நான் எதைக் காட்டிச் சொல்லித் தருவேன்? வேகமா ஓடற மெஷினை வெச்சுக்கிட்டு யாருக்குச் செயல்திறன் பயிற்சி குடுக்கறது? ஆறு வருஷமா சேர்த்த மெதுவு அது. ஒன்றேகால் மணி நேரத்துல அழிச்சுட்டீங்க."

டிஸ்க் அண்ணன் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு மேலாளர் மருத்துவமனைக்குத் திரும்பினார். சுவரில் ஆணி அடித்து மாட்டிய அன்றே இரண்டு சுற்றறிக்கை போட்டார். ஒன்று, சான்றிதழ் இல்லாதவர் சேமிப்பு அலமாரியைத் தொடக் கூடாது. இரண்டு, நான்காம் நிலைச் சேமிப்பகம் உள்ள மருத்துவமனையில் படத்தைப் பார்க்க மாடிப்படியில் ஓடுவதும், திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போவதும் அந்தச் சேமிப்பகத்தை அவமதிக்கும் செயல். இனிமேல் படம் தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மருத்துவமனைத் தலைவரை அழைத்துவந்து, நல்ல தொடக்கமாக இருக்கட்டும் என்று ஸ்கேன் கம்ப்யூட்டரை அவர் கையால் ஒரு நினைவுப் படம் எடுக்கவைத்தார். பன்னிரண்டாவது ஸ்நாப்ஷாட். கடவுச்சொல் மேலாளருக்குத் தெரியாது. அதை மட்டும் டிஸ்க் அண்ணன் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பதினெட்டு நிமிடம் இருபத்துநாலு ஆயிற்று.

அந்த வாரம் வியாழக்கிழமை, சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். தலையில் அடி. டிஸ்க் அண்ணனின் மனைவி நாலு நிமிடத்தில் படம் எடுத்து முடித்தார். அறுவை டாக்டர் மேலே வேறொருவருக்கு அறுவை செய்துகொண்டிருந்தார். அவராலும் இறங்க முடியாது, சுற்றறிக்கைப்படியும் இறங்கக் கூடாது. படம் அறுவை அரங்கின் திரைக்கு வர வேண்டும். அது வரவில்லை. பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, அந்த அம்மா சுற்றறிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஓடினார். கொத்தனார் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை விரல்கள் மடங்கவில்லை. மடங்குமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்று வீட்டில் மனைவி சாப்பிட உட்காரவில்லை.

"அந்தக் கொத்தனார் சம்சாரம் என்கிட்ட வந்து கேக்குது. படம் எடுத்தாச்சுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க, அப்புறம் டாக்டர் ஏன் ஆரம்பிக்கலன்னு. நான் என்னங்க சொல்லுவேன்? பத்து நிமிஷம் நான் சும்மா உக்காந்திருந்தேன். எதிர்ல வட்டம் சுத்துது, அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு பேப்பருக்குப் பயந்துக்கிட்டு."

"தப்பு உன்மேல இல்லம்மா."

"என்மேல இல்ல, உங்கமேல இல்ல, அந்த ஆள்மேலயும் இல்லன்னு அவர் சொல்லுவார். அப்ப அந்த விரல் யார் கணக்குல போகுது?" அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததில் அவர் குரல் உடைந்தது. "சர்ட்டிபிகேட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கிழமை போய் அதை நீக்குங்க. வேலை போனா போகட்டும். நான் ஒருத்தி சம்பாதிக்கறது போதும்."

அறுவை டாக்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்கள். ஸ்நாப்ஷாட்டுகளைச் சேர்த்து முடிக்கும்வரை ஸ்கேன் கம்ப்யூட்டர் இன்னும் மந்தமாகும், அதனால் அவசரம் வந்தால் கீழேயே இருந்தாக வேண்டும் என்று டிஸ்க் அண்ணன் விளக்கினார். "ஞாயித்துக்கிழமை முழுக்க நான் ஸ்கேன் ரூம்லயே நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். ரெண்டு வருஷம் ஓடியிருக்கேன், ஒரு நாள் உக்கார மாட்டேனா?" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிஸ்க் அண்ணன் ஆரம்பித்தார். மாலை நாலு மணிக்குப் பன்னிரண்டும் போயிற்று. திங்கட்கிழமை முதல் படத்தை எடுத்துவிட்டு அந்த அம்மா மேலே போன் செய்து, "வந்துடுச்சா டாக்டர்?" என்று கேட்டார். "நீங்க போன் எடுக்கறதுக்கு முன்னாடியே வந்துடுச்சும்மா" என்று பதில் வந்தது. நாலு விநாடி. அவர் ரிசீவரை வைத்துவிட்டு, அடுத்த நோயாளி பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல செய்தி மேலே போகவும் நாலு விநாடிதான் பிடித்தது. செவ்வாய்க்கிழமை மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. புதன்கிழமை பயிற்சி நிலையம் தன் வாசலில் மேலாளரின் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்தது. வியாழக்கிழமை மருத்துவமனைத் தலைவர், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதிக்கொடுங்கள், மற்ற மருத்துவமனைகளுக்கும் அனுப்பலாம் என்றார். மேலாளர் டிஸ்க் அண்ணனைக் கூப்பிட்டார்.

"நாம இதை எப்படிப் பண்ணினோம்?"

டிஸ்க் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. "ஞாயித்துக்கிழமை பன்னெண்டு ஸ்நாப்ஷாட்டையும் நான் நீக்கிட்டேன் சார்."

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தலைவர் கையால எடுத்ததையுமா?"

மறுநாளே விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மருத்துவமனைத் தலைவர், மேலாளர், நிபுணர் என்ற முறையில் பயிற்சி நிலைய இயக்குநர். இந்தப் பக்கம் டிஸ்க் அண்ணன். அறுவை டாக்டர் அழைக்கப்படாமலே வந்து கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர்தான் தொடங்கினார். "வேகம் வந்திருக்கு. மறுக்கல. ஆனா அது சான்று இல்லாத வேகம். தகுதி இல்லாத ஒருத்தர் சரி பண்ணினதை நாம ஏத்துக்கிட்டா, தகுதின்னு ஒண்ணு எதுக்குன்னு நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. கேக்க ஆரம்பிச்சா நாங்க எங்க போறது?"

அறுவை டாக்டர் எழுந்தார். "போன வாரம் ஒருத்தருக்குக் கை போயிருக்கு. அது உங்க மெதுவால போச்சு."

"அது முறைப்படி நடந்தது டாக்டர்" என்றார் மேலாளர். "அதுல விதிமீறல் எதுவும் இல்ல. ஒரே ஒரு மீறல், ஸ்கேன் அம்மா போன்ல படம் புடிச்சது. அதைத் தனியா விசாரிக்கறோம்."

ஒரு மணி நேரம் கழித்துத் தீர்மானம் எழுதினார்கள். ஸ்கேன் கம்ப்யூட்டரை உடனடியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு சான்றிதழ் பெற்ற மேலாளர் அதை முறைப்படி வேகமாக்குவார். பழைய நிலைக்கு யார் கொண்டுவருவது என்று தலைவர் கேட்டார். மேலாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் மூவரும் டிஸ்க் அண்ணனைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு எழுத்து மூலமான அதிகாரம் கிடைத்தது. முத்திரை வைத்த கடிதம். ஒரு நாளைக்கு மட்டும் சேமிப்பு அலமாரியைத் தொடலாம், பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்காக.

அவர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். கிண்டல் செய்கிற ஆள் அல்ல அவர். வேலை கொடுத்தால் அளவு கேட்பது அவர் வழக்கம்.

"எவ்வளவு மெதுவா வைக்கணும்னு எழுதிக் குடுங்க சார்."

"முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி" என்றார் மேலாளர்.

"அது எத்தனை நிமிஷம்னு போடணும் சார். நான் பாட்டுக்கு வெச்சுட்டு, பிறகு கூட வெச்சுட்டேன், குறைச்சு வெச்சுட்டேன்னு வரக் கூடாது."

இது நியாயம் என்று தலைவருக்குப் பட்டது. பழைய நிலை என்ன என்று பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். மேலாளர் மாதாமாதம் கையெழுத்துப் போட்டுத் தலைவருக்கு அனுப்பிய செயல்திறன் அறிக்கைகள், இருபத்துநாலு, ஒரு கோப்பில் இருந்தன. தலைவர் புரட்டினார். இருபத்துநாலிலும் ‘ஸ்கேன் படம் திறக்கும் நேரம்: இயல்பு’ என்று இருந்தது. படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இயல்பு என்றால் என்ன என்று அச்சடித்திருந்தது: ஐந்து விநாடிக்குள். ஒவ்வொன்றின் கீழும் மேலாளரின் கையெழுத்து. அதற்குக் கீழே, ‘பார்த்தேன்’ என்று தலைவரின் கையெழுத்து.

பதினெட்டு நிமிடம் என்று எழுதினால் இரண்டு கையெழுத்தும் பொய்யாகிவிடும். இயக்குநர் மெதுவாகத் தன் நாற்காலியை அவர்கள் இருவரிடமிருந்தும் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அப்ப பழைய நிலை அஞ்சு விநாடிக்குள்ளயா சார்?" என்று டிஸ்க் அண்ணன் குழப்பத்தோடு கேட்டார். "இப்ப நாலு விநாடி இருக்கே. நான் என்ன பண்ணணும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தீர்மானத்தை இழுத்து, ‘பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் போட்டார். நிபுணரும் போட்டார். அறுவை டாக்டர் பலமாகச் சிரித்தார். அந்த அறையில் அதைக் கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை டிஸ்க் அண்ணனுக்கு ஒரு மெமோ வந்தது. ஒரு முழு நாள் அதிகாரம் வழங்கப்பட்டும், அந்த நாளில் சேமிப்பகத்தில் எந்த வேலையும் செய்யாமல் இருந்தது ஏன். ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். கூடவே அவரைப் பிரிண்டர் பிரிவுக்கு மாற்றிய உத்தரவு.

அவர் அதை எடுத்துக்கொண்டு ஸ்கேன் அறைக்குப் போனார். மனைவி ஒரு படத்தை மேலே அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். மெமோவை வாங்கி, நின்றபடியே படித்தார்.

"என்னன்னு பதில் எழுதறது?" என்று கேட்டார் டிஸ்க் அண்ணன்.

"ஆமா, ஒண்ணும் செய்யலன்னே எழுதுங்க. அவங்களுக்கு அது ஒண்ணுதான் புரியும்." மெமோவை மடித்துக் கணவரின் சட்டைப் பையில் வைத்தார். "படம் போயிடுச்சு. வெளியில ஒருத்தர் ரொம்ப வலியோட உக்காந்திருக்கார், அவரை வரச் சொல்லுங்க."